முப்பத்தோரு வாளிப் பித்தளை

ஆல்டன் ஃபிளாட்ஸ், மொன்டானா
20 செப்டம்பர் 1998

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

அக்கா லோர்னா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். உன் பல்வலி எப்படி இருக்கிறது? சிறை வைத்தியர் பல்லைப் பிடுங்கினாரா, இல்லை இன்னும் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் காவலர் ஐயாவுக்கும் என் வணக்கம்.

நல்ல செய்தி எழுதலாம் என்றுதான் காகிதத்தை எடுத்து வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பரோல் அதிகாரி பிரன்சன் வந்தார், உன்னை இந்த வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க. துப்பாக்கி இருக்கும் வீட்டுக்கு உன்னை விடமாட்டார்கள் என்று தெரியும் என்பதால் அப்பாவின் ஆறு துப்பாக்கிகளும், வெடிமருந்தும், குண்டுகளும் போன மாதமே பக்கத்துப் பண்ணைக்காரர் ஆரின் வீட்டுக்குப் போய்விட்டன. அப்பா முணுமுணுக்கக்கூட இல்லை. பக்கவாதத்தில் வலது கை தொங்கிப்போனவருக்குத் துப்பாக்கி எதற்கு? பிரன்சன் இரண்டு கோப்பை காப்பி குடித்தார், நான் சுட்ட பழப் பை பலகாரத்தில் பெரிய துண்டாகப் பார்த்துத் தின்றார், காகிதத்தில் வரிசையாகச் சரி போட்டுக்கொண்டே வந்தார். கடைசியாக நிலவறையைப் பார்க்கவேண்டும் என்றார்.

நிலவறையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். முப்பது வருடம் ஊர்ச் சங்கத்தின் துப்பாக்கி சுடும் திடலைப் பெருக்கியவர் நம் அப்பா. சுட்டவர்கள் உதறிவிட்டுப் போன வெற்றுத் தோட்டாக்களையெல்லாம் அள்ளி வந்து, கழுவி, திரும்ப மருந்தடைத்து இந்த வட்டாரத்துக்கே கொடுத்தவர். இப்போது மருந்தடைக்கக் கை இல்லை. கழுவ மட்டும் இடது கை இருக்கிறது. அதுதான் அவருக்குப் பொழுது.

"இதெல்லாம் என்ன?" என்றார் பிரன்சன்.

"பித்தளை" என்றார் அப்பா.

"தோட்டாவா?"

"தோட்டா இல்லப்பா, வெறும் கூடு. சுட்டுத் தீந்தது. வாயில போட்டுக் கடிச்சாலும் வெடிக்காது."

"ஐயா, சட்டத்துல காலிக் கூடும் தோட்டாதான். ஒண்ணே ஒண்ணு கெடந்தாலும் வெண்டல் இந்த வாசப்படிய மிதிக்க முடியாது."

அப்பா சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "முட்ட ஓட்டையும் கோழின்னு எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

பிரன்சன் சிரிக்கவில்லை. மார்ச் முதல் தேதி திரும்ப வருவாராம். எல்லாம் போயிருந்தால் ஏப்ரலில் உனக்கு விடுதலை. போகாவிட்டால், நகரத்து விடுதிகளில் உனக்கு இடம் கிடையாதாம்; மிச்சம் இரண்டரை வருடமும் உள்ளேதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

நம் பேச்சு மாறவில்லை. நீ வருவாய், அப்பாவைப் பார்த்துக்கொள்வாய், நான் ஸ்போகேன் போவேன். அங்கே ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் என் சிநேகிதி மார்கிட் எனக்கு ஒரு வேலை பிடித்து வைத்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு என்று ஒரே ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தேன். மூன்று வருடமாகிவிட்டது, பெட்டியின் பிடியே துருப்பிடித்துவிட்டது. மனம் விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
லோர்னா

*

4 அக்டோபர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

வெண்டல். நலம். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்; பக்கத்துப் பல்லாகப் பார்த்துப் பிடுங்கிவிட்டார்கள். காவலர் உன் வணக்கத்தை ஏற்றுக்கொண்டார். பை எந்தப் பழத்தில் செய்தது என்று கேட்கிறார்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். குடித்துவிட்டு டிரக் ஓட்டி அந்தப் பேருந்து ஓட்டிய அம்மாவை ஊன்றுகோலில் நடக்க வைத்தவன் நான். அதற்கு உள்ளே இருக்கிறேன், இருக்கவேண்டியதுதான், யார்மீதும் குறையில்லை. ஆனால் காலிப் பித்தளைக்காக இருப்பது என்றால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. இங்கே சலவைக்கூடத்தில் நாளெல்லாம் இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அங்கே தொட்டியில் பித்தளையை உருட்டுகிறார். குடும்பத் தொழில்போலத்தான் இருக்கிறது.

ஆரினைக் கூப்பிட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிடு அக்கா. அப்பா என்ன சொன்னார்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? இந்த நாலரை வருடத்தில் அவர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வரட்டும் என்று அவர் வாயால் சொன்னாரா என்று மட்டும் எழுது.

தம்பி,
வெண்டல்

*

19 அக்டோபர் 1998

அன்புள்ள வெண்டலுக்கு,

இருவரும் நலம். உன் ஈறு ஆறிவிட்டதா? பையில் இருந்தது ருபார்ப் தண்டும் கொஞ்சம் ஸ்ட்ராபெரியும் என்று காவலரிடம் சொல்.

அப்பா சம்மதித்துவிட்டார். என்னாலேயே நம்ப முடியவில்லை. காலையில் கஞ்சி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அப்பா, ஆரின் வண்டியக் கொண்டுவந்தா ஒரே நாள்ல எல்லாத்தையும் ஏத்திடலாம்."

"ஏத்தலாம்."

"அப்ப ஞாயித்துக்கெழம வரச் சொல்லட்டா?"

"அழுக்கா இருக்கே."

"இருக்கட்டும்பா, அவர் கழுவிக்குவாரு."

"நம்ம வீட்டுப் பித்தள அழுக்கா வெளிய போனதில்ல. கழுவித் தரேன். கழுவக் கழுவ எடுத்துட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஓர் அங்குலம் நகரமாட்டார். இந்த ஊர்க்காரர்களை உனக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், பித்தளையைக் கழுவாமல் கைமாற்றமாட்டார்கள்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோரு வாளி, வாளிக்கு ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு கூட்டின் அடியிலும் வெடித்துத் தீர்ந்த சின்ன மூடியைத் தட்டி எடுக்கவேண்டும். எலுமிச்சை உப்புத் தண்ணீரில் அலசி, அடுப்புச் சூட்டில் உலர்த்தி, வால்நட் ஓட்டுத் தூளோடு குலுக்கும் தொட்டியில் மூன்று மணி நேரம் போடவேண்டும். பிறகு சலித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துக் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். சின்னக் கூடு பெரிய கூட்டுக்குள் போய் இறுகிக்கொண்டால் இரண்டுமே அழுக்காகத்தான் வரும். அதை இடுக்கியால் பிரிப்பது என் வேலை. ஈயத் தூசு ஆகாது என்று நான் வாயில் துணி கட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், அப்பா குளிர்கிறது என்று மூடுகிறார்.

இடது கையால் ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது வரை ஓடுகிறது. அப்படியே போனால் பிப்ரவரி கடைசியில் முடியும். நூல் பிடித்ததுபோல் முடியும். இதுவரை இரண்டு வாளி ஆரின் வீட்டுக்குப் போய்விட்டது.

உன்னைப் பற்றிச் சொன்னாரா என்று கேட்டாய். உன் அறையின் வெப்பக் குழாயைப் பழுது பார்க்கச் சொன்னார். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அக்கா,
லோர்னா

*

8 நவம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவின் கைக்கு ஓய்வு கொடுக்கிறாயா? வெப்பக் குழாயை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், அன்றைக்கு முழுவதும் சலவைக்கூடத்தில் பாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவன், "டேய், வாய மூடு, இல்லன்னா உன்னையும் உள்ள போட்டுச் சுத்த விட்ருவேன்" என்றான்.

ஒவ்வொரு கடிதத்திலும் எத்தனை வாளி போயிற்று என்று மட்டும் மறக்காமல் எழுது. படுக்கைக்கு மேலே சுவரில் முப்பத்தோரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆறு கோட்டை அடித்திருக்கிறேன், கணக்குச் சரிதானே?

ஒரு விஷயம் சொல்லவேண்டும். பிறகு சொல்லாமல் விட்டேன் என்று ஆகக்கூடாது. எனக்கு அப்பாவைக் குளிப்பாட்டத் தெரியாது, மாத்திரை கொடுக்கத் தெரியாது. ஆனால் கற்றுக்கொள்வேன். நீ போகலாம் அக்கா. உன்னைப் பிடித்து வைக்கமாட்டேன்.

தம்பி,
வெண்டல்

*

13 டிசம்பர் 1998

அன்புள்ள வெண்டலுக்கு,

நலம். நீ நலமா? உனக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறேன். உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுச் சொல். இங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. நேற்றுத் திடீரென்று மலையிலிருந்து சினூக் வெப்பக் காற்று அடித்து ஒரே பகலில் பாதிப் பனி உருகி ஓடியது. அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு வாளியைப் பெரிய டப்பில் கொட்டி வினிகரை ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சமையலுக்குப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால் அத்தனையும் ரோஜா நிறம். எனக்கு அழகாகத்தான் இருந்தது. அப்பா ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"எத்தன மணி நேரம்?"

"காலையிலேந்து."

"வெந்துபோச்சு. துத்தநாகம் எல்லாம் கழண்டு, செம்பு மட்டும் நிக்குது. இதுல மருந்த அடைச்சா சுடறவன் கண்ணு போகும்."

"நாமதான் அடைக்கப்போறதில்லயே அப்பா."

"வாங்குறவன் அடைப்பான்ல?"

யார் கைக்கும் போய்ச் சேரக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்துச் சுத்தியலால் நசுக்கினார். இடது கையால், இரண்டாயிரத்துச் சொச்சம். ஏழு நாள் ஆயிற்று. அவசரக்காரிக்கு இது வேண்டும் என்று நீ சொல்லாதே, நானே சொல்லிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு லெஃப்சே உருளைக்கிழங்கு ரொட்டி சுடப்போகிறேன். நீ இல்லாமல் அப்பாவுக்கும் எனக்கும் நான்கு போதும், ஆனால் இருபதுக்குக் குறைந்து எனக்குச் சுட வராது.

அக்கா,
லோர்னா

*

10 ஜனவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நலம். கம்பளிக் காலுறையை விடமாட்டார்களாம். நூலில் தூக்கு மாட்டிக்கொள்வேனாம்.

வினிகர் கதைக்குச் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன். உன் கடிதத்தில் காற்று இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, வாளிக் கணக்கு இல்லை. மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். பழைய கணக்குப்படி பதினேழு, பதினெட்டு போயிருக்கவேண்டும். எத்தனை?

தம்பி,
வெண்டல்

*

7 பிப்ரவரி 1999

அக்காவுக்கு,

நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நேற்றுத் தொலைபேசிக்கு என் முறை வந்தது. நீ எடுத்தாய். பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாய். பின்னால் தொட்டி குலுங்கும் சத்தம் கேட்டது, அதனால் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். வேறு என்ன என்று எழுது. இன்னும் மூன்று வாரம்தான்.

வெண்டல்

*

14 பிப்ரவரி 1999

அன்புள்ள வெண்டலுக்கு,

பால் பொங்கவில்லை. வீட்டில் பாலே இல்லை.

பன்னிரண்டு வாளிதான் போயிருக்கிறது. நான் நசுங்கவைத்த இரண்டையும் கழித்தால் பதினேழு வாளி நிலவறையில் நிற்கிறது. நீ அடித்த கோடுகளை அழித்துவிடு.

நவம்பரிலேயே எனக்குச் சந்தேகம். அப்பா தினமும் கழுவுகிறார், தொட்டி தினமும் குலுங்குகிறது, வாளி மட்டும் குறையவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் கழுவி முடித்த பத்துக் கூடுகளின் விளிம்பில் ஆணியால் கீறி வைத்தேன். நாலாம் நாள் அந்தப் பத்தும் அழுக்கு வாளியில் இருந்தன. நான் வேலைக்குப் போனதும், கழுவியதில் பாதியை அள்ளி அழுக்கில் திரும்பக் கொட்டிவிடுகிறார். அடுத்த நாள் அதையே திரும்பக் கழுவுகிறார். அழுக்கோடு உருண்டால் சுத்தமானதும் கறுத்துவிடுகிறது, யாருக்கும் தெரியாது.

போன வாரம்தான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, இதக் கழுவியாச்சே."

"யாரு சொன்னா?"

"நான் கீறி வெச்சிருந்தேன். இந்தா, பாருங்க."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அழுக்கு இருந்துச்சு" என்றார். நான் படியேறும்போது பின்னாலிருந்து கேட்டார்: "வெண்டல் வந்த அன்னிக்கே போயிருவியா, இல்ல ரெண்டு நாள் இருப்பியா?"

உன் வரவை அவர் தடுக்கவில்லை வெண்டல். நான் போவதைத் தடுக்கிறார். இரண்டும் ஒரே நாளில் வருவதுதான் உன் தலைவிதி.

இன்னும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கண்டுபிடித்தவள் பிப்ரவரிவரை ஏன் சும்மா இருந்தாய் என்று நீ கேட்பாய். எனக்கு நாற்பத்தாறு வயது. ஸ்போகேனில் ஒரு அறை, தெரியாத ஆட்கள், பேருந்து வழித்தடம்கூடப் புதிதாகப் படிக்கவேண்டும். இந்த வீட்டை விட்டு ஓடவேண்டும் என்று மூன்று வருடமாகத் துடித்தவளுக்கு, கதவு திறக்கப்போகிறது என்றதும் வெளியே போகப் பயம் வந்துவிட்டது. அவர் கொட்டுவதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனேன். உனக்குத் துரோகம் செய்தேன். காவலர் ஐயாவும் படித்துக்கொள்ளட்டும்.

லோர்னா

*

20 பிப்ரவரி 1999

அக்கா,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை.

அவருக்கு நீ போய்விடுவாய் என்று பயம். உனக்குப் போகப் பயம். இரண்டு பேருடைய பயத்துக்கும் சேர்த்து இங்கே படுத்திருப்பவன் நான். இரண்டரை வருடம் அக்கா. ஒரு நாளைக்கு ஐந்து தடவை எண்ணுகிறார்கள் எங்களை. நானும் ஒரு வாளியில்தான் இருக்கிறேன், என்னையும் கழுவிக் கழுவித் திரும்ப உள்ளேயே போடுகிறார்கள்.

இனி எழுதவேண்டாம். எழுதுவதாக இருந்தால் ஒரு எண்ணை மட்டும் எழுது.

வெண்டல்

*

4 மார்ச் 1999

வெண்டலுக்கு,

பூஜ்யம்.

சனிக்கிழமை ஆரினிடம் வண்டி கேட்டேன். "உங்கப்பா ஹால்வர் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? கழுவாததத் தூக்கிட்டுப் போனா நாளைக்கு என்னோட பேசுவாரா?" என்று கையை விரித்துவிட்டார். அதனால் நம் பழைய டிரக்கிலேயே ஏற்றினேன். பதினேழு வாளி, நானே தூக்கினேன், மூன்று நடை. டவுனில் பழைய இரும்புக் கடையில், உடைந்த குழாயும் பழைய ரேடியேட்டரும் கிடக்கும் குவியலில் கொட்டினேன். கழுவாமல், தரம் பிரிக்காமல், ஒன்றுக்குள் ஒன்று சிக்கினது சிக்கினபடியே. குலுக்கும் தொட்டியையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

அப்பா என்னைத் தடுக்கவில்லை. நிலவறைப் படியின் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொரு வாளியோடும் அவரை உரசிக்கொண்டுதான் வெளியே போகவேண்டியிருந்தது. முதல் வாளிக்கு மட்டும், "அழுக்கா போகுதே" என்றார். இன்றுவரை வேறு ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியை வைத்தால் குடிக்கிறார், அவ்வளவுதான்.

நான் நிலவறையைக் கூட்டினேன், காந்தத்துக்குப் பித்தளை ஒட்டாது என்பதால் தரையில் முழங்காலிட்டு விளக்குப் பிடித்து மூலை மூலையாகத் துழாவினேன். திங்கள்கிழமை பிரன்சன் வந்தார். ஒரு மணி நேரம் தேடினார். எல்லாவற்றுக்கும் சரி போட்டுக் கையெழுத்து வைத்தார். ஏப்ரல் பன்னிரண்டு என்கிறார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினால் நீ படிக்கமாட்டாய். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வாயிற்கதவுக்கு வெளியே வண்டியில் இருப்பேன். ரொட்டி கொண்டுவருகிறேன்.

அக்கா

*

ஆல்டன் ஃபிளாட்ஸ்
28 மே 1999

அன்புள்ள அக்காவுக்கு,

வெண்டல் எழுதுவது. நானும் அப்பாவும் நலம். ஸ்போகேனில் நீ நலமா? பேருந்து வழித்தடம் பழகிவிட்டதா? தொலைபேசி சமையலறையில் இருக்கிறது, அப்பாவும் சமையலறையில்தான் இருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

குளிப்பாட்டப் பழகிவிட்டேன். முதல் வாரம் இருவருமே நனைந்தோம். பேசுகிறார், அளவாக. உப்பு இல்லை என்பார், கதவைச் சாத்து என்பார். ஒரு நாள், "அந்த டிரைவரம்மாவப் போய்ப் பாத்தியா?" என்று கேட்டார். பரோல்காரர்கள் மாட்டிய கண்காணிப்புக் கால்பட்டை கழன்ற பிறகு போவேன் என்றேன். தலையை ஆட்டினார்.

என் கால்பட்டை வேலிவரைக்கும் விடும். தபால் பெட்டி வேலிக்கு அப்பால் இருபது அடி. தபால்காரர் இரக்கப்பட்டு வேலிக்கே வருகிறார். நிலம் பச்சையாக இருக்கிறது, வானம்பாடிகள் கத்துகின்றன, நான் வேலிக் கட்டையில் சாய்ந்துகொண்டு பார்க்கிறேன். சிறையில் இதைவிட அதிகம் நடந்தேன் என்றால் நம்புவாயா?

எழுதவந்தது வேறு. மூன்று வாரமாகக் கீழே ஒரு சத்தம். காப்பி டப்பாவில் எதையோ போட்டுக் குலுக்குகிற சத்தம். அப்பா காலையில் பன்னிரண்டு படி இறங்கிப் போய்க் குலுக்குகிறார். மாத்திரையை ஒளித்து விளையாடுகிறாரோ என்று போன வாரம் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். டப்பாவில் கொஞ்சம் வால்நட் தூள். அதற்குள் ஒரே ஒரு கூடு. அவருடைய பழைய வேட்டைக் கோட்டின் உள்துணி கிழிந்திருக்கிறது அல்லவா, அதற்குள் விழுந்து கிடந்திருக்கவேண்டும். நீயும் தேடவில்லை, பிரன்சனும் தேடவில்லை.

தினமும் அதைக் குலுக்குகிறார், எடுத்துத் துடைக்கிறார், ஜன்னலில் வைத்துக் கண்ணாடியில் பார்க்கிறார், திரும்ப டப்பாவில் போடுகிறார். நான் நிற்பதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேலே வந்துவிட்டேன்.

பிரன்சன் வியாழக்கிழமைதோறும் வருகிறார். கண்ணில் பட்டால் மறுநாளே நான் உள்ளே. நானே எடுத்து எறியலாம் என்றால், தொட்டால் அது என் கையில் இருக்கும் தோட்டா. பிரன்சனிடம் சொன்னால் அப்பாவைக் கேள்வி கேட்பார்கள். அப்பாவிடம் கேட்டால் கொடுத்துவிடுவார், அதுதான் எனக்குப் பயம். நீ முப்பத்தொன்றில் பதினேழை எடுத்துக்கொண்டு போன பிறகு அவரிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் நான் எப்படிக் கேட்பேன்? நேற்று வியாழன். பிரன்சனுக்குக் காப்பி ஊற்றும்போது என் கை ஆடிப் பாதி தட்டில் சிந்திவிட்டது. கீழே போகவில்லை அவர். அடுத்த வியாழன் போவார்.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும், உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? பிப்ரவரியில் உன்மேல் கத்தினேன். வாளியைப் பார்த்துக்கொண்டு நீ ஏன் சும்மா நின்றாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

தம்பி,
வெண்டல்

*

2 ஜூன்

லோர்னாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். நீ நலமா?

இடது கை. மூன்று நாளாக எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பதினேழு வாளியை அழுக்காகக் கொண்டுபோனாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறும்போது சொல்கிறேன்.

வெண்டல் அந்த ஆளுக்குக் காப்பி ஊற்றும்போது கை நடுங்கியது. சின்ன வயதில் உறைந்த ஆற்றுக்குள் விழுந்து எழுந்தானே, அன்றைக்கு நடுங்கியதுபோல. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உறையில் ஒரு கூடு வைத்திருக்கிறேன். நானே தபால் பெட்டிக்குக் கொண்டுபோகிறேன். அவன் கால்பட்டை வேலிவரைதான். நான் வேலிக்கு அப்பாலும் போகலாம்.

கழுத்தில் விரிசல் இருக்கிறது. அதில் மருந்தடைக்க முடியாது. யாரும் கேட்டாலும் கொடுத்துவிடாதே. ஆனால் சுத்தமாக இருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்.

வீட்டில் இனிப் பித்தளை இல்லை. அவன் தூங்குவான்.

காலையில் பழக்கத்தில் கீழே போய்விடுகிறேன். உட்கார்ந்துவிட்டு மேலே வருகிறேன்.

நீ வரும்போது அழுக்காக ஏதாவது கொண்டுவா.

அப்பா